காணொளியிற் பின்னணி

இக்காலத்துக் கல்லூரி மாணவருள் காணொளி எடுத்தறியாதார் அரியர். கையகலக் கருவியொன்றே படம் பிடிக்கும் பெட்டியாகவும், பிடித்த படத்தை வெட்டியும் ஒட்டியும் ஒழுங்கு செய்யும் மேசையாகவும் அமைந்துவிட்டது. அக்கருவியிலுள்ள வசதிகளுள் இரண்டு மாணவர் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்துள்ளன. பேசுவோரைத் தெளிவாக நிறுத்தி அவர்க்குப் பின்னுள்ளன அனைத்தையும் தானே மங்கச் செய்வது ஒன்று. இதனைப் 'பிளர்' என்று வழங்குகின்றோம். ஒருமுறை சுட்டிக்காட்டிய ஆளையோ பொருளையோ அது செல்லுமிடமெல்லாம் தானே பின்பற்றுவது மற்றொன்று. இதனை 'டிராக்கிங்' என்கின்றோம். இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே தொழிற்படுவன. அசையும் உருவைச் சட்டந்தோறும் பின்பற்றினாலன்றி அதனைச் சூழ்ந்துள்ளவற்றை மட்டும் மங்கச் செய்தல் இயலாதன்றோ?

இதனை இப்பொழுது எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணமுண்டு. நம் பழைய விடுதியின் உணவுக்கூடம் இக்கல்வியாண்டின் முடிவில் இடிக்கப்படவிருப்பதை அன்பர் அறிவர். அதற்குமுன், அங்கு உண்டு வளர்ந்த பழைய மாணவர் சிலரை அக்கூடத்திலேயே அமர்த்தி, அவர்தம் நினைவுகளைக் காணொளியாகப் பதிந்து வைக்கும் முயற்சி நடைபெற்று வருகின்றது. முயற்சி போற்றற்குரியது. ஆனால் பதிவுகளைத் தொகுப்போருள் ஒரு சாரார், அவை யாவற்றிலும் பின்னணியை மங்கச் செய்தே வெளியிடல் வேண்டும் என்கின்றனர். காரை பெயர்ந்த சுவரும், கால் ஆடும் பெஞ்சுகளும், கரி படிந்த அடுக்களை வாயிலும் பேசுவோரின் பெருமைக்குப் பொருந்தா என்பது அவர் கூறும் முதற் காரணம். பதிவுகள் யாவும் ஒரே சீராய்த் தோன்றல் வேண்டும் என்பது இரண்டாவது. யாம் இதற்கு உடன்படோம்.

உடன்படாமைக்குக் காரணங் கூறுமுன், மங்கல் என்பது எங்ஙனம் உண்டாகின்றது என்று சிறிது நோக்குதல் நலம். கண்ணாடி வில்லையொன்று ஒரு குறித்த தொலைவிலுள்ள பொருளையே கூர்மையாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள், புள்ளியாய் விழாது சிறு வட்டமாய்ப் பரவி விழும். வில்லையின் வாயை அகலத் திறந்தால் வட்டங்கள் பெருகும், சுருக்கினால் சிறுகும். இப்பரவலைக் குறையெனக் கொண்டு ஒழிக்க முயன்றாரும் உண்டு. அதிலே அழகு கண்டாரும் உண்டு. யப்பானியர் இதனைப் 'பொக்கே' என்ற சொல்லாற் குறித்தனர். 1997-இல் அமெரிக்கப் படக்கலை இதழொன்று அச்சொல்லை ஆங்கிலத்தாரிடைப் பரப்பிற்று. அகன்ற வாயுடைய வில்லைகள் விலை மிக்கவை. ஆதலால் மங்கிய பின்னணி என்பது காண்போர்க்குச் செல்வத்தின் அடையாளமாகவும் தோன்றலாயிற்று. திருமணப் படங்களைப் பாருங்கள். மணமக்கள் நிற்பது கடற்கரையிலா கத்தரித் தோட்டத்திலா என்று அறிதற்கில்லை. ஆயினும் படம் 'சினிமாப் போல' இருக்கின்றதென்று உறவினர் மகிழ்கின்றனர்.

கைப்பேசியின் வில்லையோ மிகச் சிறியது. அதன் பின்னுள்ள ஒளியுணர் தகடும் சிறியது. ஆதலின் அஃது ஏறக்குறைய எல்லாவற்றையும் தெளிவாகவே காட்டும். இயற்கையில் வாராத மங்கலைக் கணக்கிட்டு உண்டாக்கல் வேண்டியதாயிற்று. 2016-இல் ஐபோன் 7 பிளஸ், இரு வில்லைகளின் பார்வை வேற்றுமையைக்கொண்டு தொலைவை மதிப்பிட்டு நிழற்படத்திற்கு இதனைச் செய்தது. அடுத்த ஆண்டில் கூகிளின் பிக்ஸல் 2, பின்புறத்து ஒரே வில்லையைக் கொண்டு செய்தது. 2021-இல் வந்த ஐபோன் 13, அசையும் படத்திற்கும் இதனை விரித்தது. இன்று விலை குறைந்த கருவிகள் பலவற்றிலும் இது கிடைக்கின்றது.

ஈண்டுக் கருத வேண்டுவது ஒன்றுண்டு. வில்லை எவரையும் ஆராய்வதில்லை. தொலைவு ஒன்றனையே அறியும். பேசுவோர் தம் தோளருகே ஒரு நூலைப் பிடித்திருப்பாராயின், முகமும் நூலும் ஒத்த தொலைவில் இருத்தலின் இரண்டும் ஒருங்கே தெளியும். படத்தொகுப்பு மென்பொருளோ பெரும்பாலும் அவ்வாறு செய்வதன்று. 'இஃது ஆள்; இஃது ஆளன்று' என்று ஒவ்வொரு புள்ளிக்கும் அது தீர்ப்பளிக்கின்றது. 'அன்று' எனப்பட்ட புள்ளிகள் தத்தம் அயற்புள்ளிகளோடு கலந்து சராசரியாக்கப்படுகின்றன. ஆக, வில்லை தரும் மங்கல் ஒளியின் விளைவு. மென்பொருள் தரும் மங்கல் ஒரு தீர்ப்பின் விளைவு. தீர்ப்பாயின், அது முறையோ அன்றோ என்று வினவும் உரிமை நமக்குண்டு.

முன்னாளில் இத்தீர்ப்பு மனிதர் கையில் இருந்தது. மாக்ஸ் பிளைஷர் என்னும் அமெரிக்கர் 1915-இல் விண்ணப்பித்து 1917-இற் காப்புரிமை பெற்ற 'ரோட்டோஸ்கோப்' என்னும் கருவியில், படச்சுருளின் ஒவ்வொரு சட்டமும் கண்ணாடியின்மேல் ஒளியாய் விழும்; சித்திரக்காரர் அதன்மேல் தாள் வைத்து உருவின் விளிம்பை வரைந்தெடுப்பார். நொடிக்கு 24 சட்டமாயின் ஒரு நிமிடத்திற்கு 1,440 முறை வரைதல் வேண்டும். அவர் கண்ணையும் கழுத்தையும் நினைந்து யாம் இரங்குகின்றோம். அவ்வுழைப்பைக் குறைக்கவே மென்பொருள்கள் எழுந்தன. அடோபி நிறுவனத்தின் 'ரோட்டோ பிரஷ்' 2010-இலும், டாவின்சி ரிசால்வின் 'மேஜிக் மாஸ்க்' 2020-இலும், மெட்டா நிறுவனத்தாரின் 'சாம் 2' 2024-இலும் வெளிவந்தன. இறுதியிற் கூறியது, ஒரு பொருளின்மேல் ஒருமுறை தொட்ட அளவிலே அதனை விளிம்போடு பிரித்துக் காணொளி நெடுகப் பின்தொடரும் ஆற்றலுடையது. இவற்றை வியவாதிருத்தல் அரிது, யாமும் வியக்கின்றோம்.

பின்தொடர்தலின் அடிப்படை எளியதே. 1981-இல் லூக்காஸ், கனாடே என்னும் இருவர் வகுத்த முறை இன்றும் பயில்கின்றது. ஒரு சட்டத்திலுள்ள சிறு பகுதி, அடுத்த சட்டத்தில் தன் ஒளிநிலை மிகுதியும் மாறாது சிறிதே இடம்பெயர்ந்திருக்கும் என்பது அம்முறையின் துணிபு. எவ்வளவு பெயர்த்தால் இரண்டும் பொருந்தும் என்று கணக்கிட்டால் அசைவு தெரிந்துவிடும். சட்டைப் பொத்தான், மேசையின் மூலை முதலியன நன்கு பற்றும். வெறுஞ்சுவர் எங்கு நோக்கினும் ஒன்றுபோல் இருத்தலிற் பற்றாது. ஒளி திடீரென மாறினும், உருவம் தூணுக்குப் பின் மறைந்து வெளிப்படினும், ஒத்த உருவங்கள் குறுக்கிடினும் முறை தடுமாறும். சென்ற கிறிஸ்துமஸ் பாடல் விழாவின் காணொளியைக் கண்டோர் இதனை மறந்திரார். வெண்ணிற அங்கியணிந்த பாடகர் கூட்டத்துள் தனிப்பாட்டுப் பாடிய மாணவியைப் பின்தொடருமாறு ஏவப்பட்ட மென்பொருள், வரிசை மாறியபோது அருகிருந்தாரைப் பற்றிக்கொண்டது. வாய் திறவாத ஒருவரைப் பாட்டு முடியுங்காறும் பரிவோடு காட்டிக்கொண்டிருந்தது.

இத்தகைய தடுமாற்றம் நம்மூர்க்கே உரியதன்று. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், ஸ்காட்லாந்து நாட்டு இன்வர்னெஸ் நகரத்துக் கால்பந்துக் கழகம், தொற்றுநோய்க் காலத்தில் பார்வையாளரை விடுதற்கில்லாமையால், பந்தைத் தானே பின்தொடரும் கருவியைக்கொண்டு ஆட்டத்தை ஒளிபரப்பியது. எல்லைக்கோட்டில் நின்ற துணை நடுவரின் முடியற்ற தலையைப் பந்தென்று கருவி கொண்டது. பந்து ஒருபால் ஓட, கருவி மீண்டும் மீண்டும் அவர் தலையையே நாடிச் சென்றது. உலகம் நகைத்தது. யாமும் நகைத்தோம். ஆயினும் அந்நகையிலே ஓர் உண்மை உண்டு: கருவிக்குப் பந்து என்பது ஆட்டத்தின் உயிரன்று, பச்சை நிலத்தின்மேல் ஒளிரும் ஓர் உருண்டை.

நகைத்தற்கியலாத நிகழ்ச்சியும் அவ்வாண்டிலேயே உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில், கனடாவிற் பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவர், கருநிறத்தவராகிய தம் உடன்பணியாளர் 'ஜூம்' உரையாடலிற் பொய்ப்பின்னணியை இட்டவுடன் அவர் தலையே மறைந்துபோவதைக் கண்டு அதனை உலகறிய வெளியிட்டார். பின்னாலிருந்த வெளிறிய பூகோள உருண்டையை மென்பொருள் முகமெனக் கொண்டதையும் அவர் குறித்தார். இதற்கு இரண்டாண்டு முன்னர், 2018-இல், ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் அறிஞர், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று கூறும் வணிக மென்பொருள்களை ஆராய்ந்திருந்தனர். வெண்ணிற ஆடவர் திறத்தில் தவறு நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டவில்லை, கருநிறப் பெண்டிர் திறத்திலோ 34.7 வரை ஏறியது. அம்மென்பொருள்கள் வேறு, நாம் பேசும் மென்பொருள் வேறு எனலாம். பயிற்றப்பட்ட படங்களில் யார் மிகுதியோ அவரையே இயந்திரம் நன்கறியும் என்பது இரண்டிற்கும் பொது. ஆள் யார், பின்னணி யாது என்ற வினாவில் நம்மனோர்க்கு ஏன் இத்துணைக் கவலை என்று வினவுவார், தம் கையின் நிறத்தை ஒருகால் நோக்குவாராக.

தமிழ் மாணவராகிய எமக்கு இன்னும் அணிமையான எடுத்துக்காட்டொன்று உண்டு. ஏட்டுச்சுவடியைப் பற்றி எம் வகுப்பினர் எடுத்த சிறு காணொளியில், ஆசிரியர் ஓர் ஓலையை இருகையாலும் ஏந்தி, எழுத்தாணி சென்ற தடத்தைக் காட்டுகின்றார். பின்னணியை மங்கச் செய்யுமாறு மென்பொருளை ஏவிப் பார்த்தோம். ஆசிரியரின் முகம் தெளிவாய் நின்றது, விரல்களும் நின்றன. விரல்களுக்கிடையே இருந்த ஓலை புகையாய்க் கரைந்தது. ஏனெனின் ஓலை ஆளன்று. அக்காணொளியோ ஓலையைக் காட்டுதற்கென்றே எடுக்கப்பட்டது! மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, சடையினின்று தொங்கும் பூச்சரம், தோளினின்று நழுவும் முந்தானை ஆகிய யாவும் இங்ஙனமே ஆளுக்கும் ஆளல்லாததற்கும் இடையே நின்று அல்லற்படுதலை இவ்வேலையிற் பழகினோர் அறிவர். விளிம்பை ஒருவாறு கையால் திருத்திவிடலாம். எம் கவலை விளிம்பைப் பற்றியதன்று. மனிதன் ஒழிந்த யாவும் வெறும் பின்னணி என்னும் கொள்கையைப் பற்றியது.

இக்கொள்கை தமிழ் மரபிற்குப் புறம்பானது. அகப்பொருளை வகுத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் 'முதல்' என்றனர். அந்நிலத்திற்குரிய மரமும் மாவும் புள்ளும் தொழிலும் யாழும் பறையும் 'கரு' எனப்பட்டன. தலைவன் தலைவியரின் ஒழுக்கம் 'உரி' எனப்பட்டது. இன்று நாம் 'பின்னணி' என்று பின்னே தள்ளுவனவற்றிற்கு அவர் இட்ட பெயர் முதலும் கருவும் என்பதை நோக்குக. மலைச்சாரலும் நள்ளிரவும் இன்றேற் குறிஞ்சி யாது? மாலையும் முல்லைக்கொடியும் மங்கிப்போயின், காத்திருத்தலின் துயரை எதனைக்கொண்டு அறிவது?

இதற்கு மறுப்புரைப்பாரும் உளர். எம் நண்பருள் ஒருவரே உரைத்தனர். முதலினும் கருவும், கருவினும் உரியும் ஒன்றினொன்று சிறந்தன என்று தொல்காப்பியமே கூறுகின்றது. முதலும் கருவும் இன்றி உரிப்பொருள் ஒன்றே அமைந்த பாட்டுக்களும் உள என உரையாசிரியர் காட்டுவர். ஆதலின் முகத்தை மட்டும் தெளிவாய் நிறுத்துதல் மரபிற்கு மாறன்று என்பது அவர் வாதம். நல்ல வாதமே. உரி சிறந்தது என்பதை யாமும் மறுக்கவில்லை. ஆனால் சிறந்ததென்று கூறியவர் மற்றவற்றை நீக்குக என்று கூறினாரில்லை. உரி ஒன்றே அமைந்த பாட்டும், புலவன் ஆய்ந்து அவ்வாறு அமைத்த பாட்டு. எல்லாப் பாட்டிலும் நிலத்தைத் தானே அழித்துத் தரும் எழுத்தாணியொன்று இருந்து, அதனைப் புலவரெல்லாம் மகிழ்ந்து வாங்கியிருப்பின், ஐந்திணையும் ஒரே திணையாய் முடிந்திருக்கும். தாயிழந்தான் ஒருவன் தன் துயரைக் கூறும் காணொளியில் முகமன்றி வேறெதுவும் தோன்றாதிருத்தல் தக்கதாகலாம். அதனைத் தொகுப்போன் நினைந்து செய்வானாக. பொத்தான் செய்ய வேண்டா.

மேனாட்டுத் திரைப்படக் கலைஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' என்னும் படத்தில், ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியுமாறு பதிவு செய்தனர். அதில் ஒரு காட்சி. வீட்டினுள் தாய், தன் மகனைப் பிறர் பொறுப்பில் ஒப்புவிக்கும் பத்திரத்திற் கையெழுத்திடுகின்றாள். பின்னே சன்னலுக்கு அப்பால், நிகழ்வதொன்றும் அறியாத அச்சிறுவன் பனியில் விளையாடுகின்றான். இரண்டும் ஒரே நேரத்திற் கண்ணிற் படுகின்றன. அங்குத் தெளிவாய் நிற்க வேண்டியவர் மேசையருகே இருப்போர் என்றும், சன்னல் பின்னணி என்றும் நம் மென்பொருள் தீர்ப்பளித்திருக்கும். சிறுவன் வெண்புகையிற் கலந்திருப்பான். காட்சியின் பொருள் அவனன்றோ? ஆந்திரே பசேன் என்னும் பிரெஞ்சுத் திறனாய்வாளர், இவ்வகைப் படங்கள் எதனை நோக்குவதென்பதைக் காண்போனின் உரிமைக்கு விடுகின்றன என்று போற்றினர். மங்கல் அவ்வுரிமையைக் குறைப்பது. குறைத்தல் சிலபோது வேண்டுவதே. ஆயினும் அது குறைத்தல் என்பதை அறிந்து செய்தல் வேண்டும்.

நிற்க. மங்கலாக்குதலை முழுவதும் இகழ்வது எம் கருத்தன்று. 2020-இல் யாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் கைப்பேசி வழியே நடந்தது. ஒற்றையறை வீட்டில், பின்னே பாய் விரித்துப் படுத்திருக்கும் பாட்டியும், கொடியில் தொங்கும் துணியும், சமைக்கும் தாயும் வகுப்பு முழுவதற்கும் காட்சியாயினர். தம் வீட்டைப் பிறர் காண நாணிப் படத்தை அணைத்துவிட்டு வெறும் பெயராய் அமர்ந்திருந்த தோழரை அறிவோம். மைக்ரோசாப்ட் 'டீம்ஸ்' மென்பொருள் பின்னணியை மங்கச் செய்யும் வசதியை 2018-லேயே தந்திருந்தது உண்மை. ஆனால் இவ்வசதிகளுக்கு வலிமிக்க கணினி வேண்டும். எம் தோழர் கையிலிருந்த மலிவான கைப்பேசி அதற்கு ஆற்றாது. மறைக்க ஒன்றுமில்லாதார்க்கு மறைக்கும் வசதி வாய்த்தது. மறைக்க வேண்டியிருந்தார்க்கு வாய்க்கவில்லை. அவர்க்கு அன்று மங்கல் கிடைத்திருப்பின் யாம் பெரிதும் மகிழ்ந்திருப்போம். ஒருவர் தம் வீட்டைத் தாமே மறைத்தல் அவர் உரிமை. பிறர் ஒருவர் வாழ்ந்த இடத்தை, அவரைக் கேளாமலே, அழகில்லை என்று நாம் மறைத்தல் வேறு.

இவ்விரு கருவிகளும் உண்மையாகவே அறஞ்செய்யும் இடமும் ஒன்றுண்டு. அது முகத்தை மறைத்தல். 2012-இல் யூடியூப் நிறுவனத்தார், போராட்டங்களைப் பதிவு செய்வோர் அதில் தோன்றுவாரின் முகத்தை மங்கச் செய்து வெளியிடுமாறு ஒரு வசதியை அமைத்தனர். 2016-இல், விரும்பிய பொருளைச் சுட்டி அதனைப் பின்தொடர்ந்து மங்கச் செய்யும் வசதியையும் சேர்த்தனர். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களிற் சிற்றூர்களுக்குச் செல்லும் நம் மாணவர், அங்குள்ள சிறாரையும் நோயாளரையும் பதிந்து வருகின்றனர். அவருள் எத்துணைப் பேரிடம் இசைவு கேட்டோம்? அழகிற்காகப் பின்னணியை மங்கச் செய்வதிற் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கினை, இசைவு தாராதார் முகத்தை மறைப்பதிற் காட்டலாகாதா?

ஆனால் ஈண்டும் இயந்திரத்தை நம்பி உறங்குதல் கூடாது. நொடிக்கு 30 சட்டமாயின் பத்து நிமிடக் காணொளியில் 18,000 சட்டங்கள் உள. ஒரு சிறுமி தலையைத் திருப்பிய அரைநொடியில் கருவி அவளைத் தவறவிட்டாற் போதும். காண்போன் அங்கே நிறுத்திப் பார்த்துவிடுவான். ஆகவே தொகுத்தவன் ஒருமுறையேனும் மெல்ல ஓட்டித் தன் கண்ணால் முழுவதும் பார்த்தல் வேண்டும். மங்கலே போதிய மறைப்பன்று என்பதையும் அறிதல் வேண்டும். 2016-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தாரும் கார்னல் டெக் நிறுவனத்தாரும் செய்த ஆராய்ச்சியில், தெரிந்தவர் பலரின் முகங்களைக்கொண்டு பயிற்றப்பட்ட கணினி, மங்கச் செய்த முகங்களிலும் இன்னார் இன்னாரென்று பெரும்பாலும் கண்டுகொண்டது. சராசரியாக்கினும் ஏதோ ஒரு சாயல் எஞ்சுதலே காரணம். மெய்யாகவே மறைக்க வேண்டின், முழுக்கரிய கட்டமொன்றை அம்முகத்தின்மேல் ஓட்டுதலே தக்கது. அழகன்றுதான், ஆனால் காப்பது அதுவே. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தீங்கிற்கு ஆளான குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், அனுமதியின்றி வெளியிடலாகாதனவாகக் குழந்தையின் பெயர், நிழற்படம் என்பவற்றோடு பள்ளியையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே கூறுகின்றது. ஒருவரை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் ஆற்றல் பின்னணிக்கும் உண்டென்பதைச் சட்டம் வகுத்தார் அறிந்திருந்தனர். நம் தொகுப்பாளர் அதனை வெறுஞ்சுவரென்று எண்ணுகின்றனர்.

இனி, உணவுக்கூடத்துப் பதிவுகளுக்கு வருவோம். இவற்றுள் ஒன்றை, மங்கச் செய்வதற்கு முன்னும் பின்னும் யாம் கண்டோம். முன்னதில், முதியவர் ஒருவர் பேச்சினிடையே திரும்பி, "அந்த மூணாவது சன்னலண்டைதான் தம்பி, எங்களுக்கு எடம்" என்று கைநீட்டிக் காட்டுகின்றார். சன்னலும், அதன் ஓரத்து மர அலமாரியும், தட்டுக்கு எண்ணிட்டுத் தொங்கவிட்ட ஆணிவரிசையும் தெரிகின்றன. பின்னதில் அவர் நீட்டிய கை பாதியிலே மங்கி, எதனையோ காட்டுகின்றது. காட்டப்பட்டது பழுப்பு நிறப் புகை. 'மூணாவது சன்னல்' என்ற சொல் மட்டும் காதில் விழுகின்றது. கூடம் நிற்குங்காறும் இது பெருங்குறையன்று. ஐயுற்றவர் சென்று காணலாம். அடுத்த ஆண்டு யாண்டுச் சென்று காண்பது?

காரை பெயர்ந்த சுவர் பெருமைக்குப் பொருந்தாது என்பாரை யாம் ஒன்று கேட்கின்றோம். அப்பெரியோர் அச்சுவரைக் கண்டு நாணினாரோ? அழைத்தபோது, 'மண்டபத்திற் பதியலாமா, பழைய கூடத்திற் பதியலாமா' என்ற வினாவிற்கு ஒருவர் தவறாமற் கூடத்தையே விரும்பினர் என்று கேள்வி. ஒரே சீர் வேண்டும் என்பார்க்கும் விடை கூற வேண்டும். எழுத்தின் அளவு, பெயர்ப்பலகை, ஒலியின் அளவு முதலியவற்றால் சீர் உண்டாக்கலாம். அவரவர் அமர்ந்த மூலை வேறு, விழுந்த வெயில் வேறு. அவ்வேற்றுமை பதிவின் செல்வம். கண்ணைச் சிதறச் செய்யும் பொருள் ஏதேனும் பின்னே இருப்பின், நாற்காலியைச் சிறிது நகர்த்தலாம். பேசுவோரைச் சுவரினின்று பத்தடி முன்னே அமர்த்தி, வில்லையின் வாயைச் சிறிது திறந்து, உருவம் கெடாத மென்மையான மங்கலை ஒளியாலேயே பெறலாம். நேற்றைய பிளாஸ்டிக் வாளியை எடுத்து வெளியே வைக்கலாம். வாளியை எடுத்தற்கு மென்பொருள் வேண்டா.

முன்னரே பதிவானவற்றின் திறத்தில் எம் வேண்டுகோள் இரண்டே. மங்கச் செய்தேயாக வேண்டுமென்று பெரும்பான்மையோர் துணிவாராயின், மென்பொருளில் மங்கலின் அளவைக் குறைக்கும் கோலைக் காற்பங்கில் நிறுத்துக. சன்னல் சன்னலாகவே தோன்றும். அதனினும் வேண்டுவது, மங்கச் செய்யாத மூலப்பதிவுகளைக் காத்தல். ஒருமுறை மங்கச் செய்து இறுதிப்படியாக வெளியிட்ட காணொளியினின்று பழைய தெளிவை மீட்டெடுத்தல் இயலாது. 'மீட்கின்றோம்' என்று வரும் மென்பொருள்கள் அங்கிருந்ததைத் தாரா. இருந்திருக்கக்கூடியதைப் புனைந்து தரும். மூலப்பதிவுகள் இன்று தொகுப்போர் மூவரின் மடிக்கணினிகளில் சிதறிக்கிடக்கின்றன. அம்மூவரும் இவ்வேப்ரலோடு கல்லூரியை விட்டு நீங்குகின்றனர். அதற்குள் அவற்றைத் திரட்டி, பேசினோர் பெயர், படித்த ஆண்டு, பதிந்த நாள், அமர்ந்த இடம் என்பவற்றை எழுதி, இரண்டு வேறு தட்டுகளிற் படியெடுத்து, ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் மற்றொன்றைப் பழைய மாணவர் சங்கத்திலும் ஒப்புவித்தல் வேண்டும். நூலகர் இசைவர் என்றே எண்ணுகின்றோம். தட்டு வாங்குஞ் செலவிற்குத் தமிழ்மன்றத்தின் இவ்வாண்டு மிச்சத்தொகை போதும் என்று அதன் பொருளாளர் எம்மிடம் கூறினர்.